படகா, ஆற்றோரமா, கப்பலா: செசபீக் கரையிலிருந்து தப்ப எந்த வழி?

1836ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் அடிமைகளாக இருந்த சிலர் ஒருவரும் அறியாமல் கூடிக்கூடிப் பேசினார்கள். தப்பிப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த வழியாக என்பதுதான் பேச்சு. பின்னாளில் உலகறிந்த பேச்சாளரான ஃபிரடெரிக் டக்ளஸ்தான் அவர்களுக்குத் தலைவர். அப்போது அவருக்கு 18 வயது. அவர் சொன்ன யோசனை இது: சனிக்கிழமை இரவு ஒரு பெரிய ஓடத்தை எடுத்துக்கொண்டு செசபீக் விரிகுடாவில் இறங்க வேண்டும். 70, 80 மைல் வடக்கே துடுப்புப் போட்டு விரிகுடாவின் தலைப்பகுதியை அடைய வேண்டும். அங்கே ஓடத்தைத் தண்ணீரோடு போக விட்டுவிட்டு, துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

தரைவழி ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் காரணம் சொல்கிறார். தண்ணீரில் ஒரு கறுப்பர் போனால் மீன்பிடிக்கப் போகிறார் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தரையில் போனால், வெள்ளைத்தோல் உள்ள எவரும் வழிமறித்து, "யாருடைய ஆள்? எசமான் தந்த அனுமதிச் சீட்டு எங்கே?" என்று கேட்கலாம். கேட்பதற்கு அவர் காவல்காரராக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஒப்பீடு என்னை விட்டுப் போவதே இல்லை. புவியியல் என்றால் நமக்குப் பாடப்புத்தகத்து நதிகளும் எல்லைகளும். அவர்களுக்கு அது அன்றிரவு எடுக்க வேண்டிய முடிவு. தவறினால் தெற்கே ஜார்ஜியாவுக்கோ லூசியானாவுக்கோ பருத்தி வயல்களுக்கு விற்றுவிடுவார்கள். பெற்ற பிள்ளையை, கட்டியவளை மறுபடி பார்க்க வாய்ப்பில்லை. ஆகவே அவர்கள் முன்னால் இருந்த வழிகளை அவர்களுடைய இடத்தில் நின்று எடைபோட்டுப் பார்க்கிறேன். வரைபடம் மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. தப்பிக்க நினைத்தவர் எந்த வேலையில் வளர்ந்தார் என்று கேட்டால்தான் பாதி விடையாவது வரும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. மேற்கே செசபீக் விரிகுடா, கிழக்கே டெலவேர் விரிகுடாவும் அட்லான்டிக் கடலும், நடுவில் தெற்கு நோக்கித் தொங்கும் ஒரு தீபகற்பம். அதன் மேற்குப் பாதிதான் மேரிலாந்தின் 'கிழக்குக் கரை'. மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். ஆறுகள் மெல்ல நகரும். கடலின் ஓதம் உள்நாட்டுக்குள் வெகுதூரம் ஏறி இறங்கும். எங்கே ஆறு முடிந்து சதுப்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. செசபீக் சுமார் 200 மைல் நீளம், அதாவது 320 கிலோமீட்டர். அதன் வாய் தெற்கே வர்ஜீனியாவில் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தலை வடக்கே, அடிமைமுறை ஒழிந்த பென்சில்வேனியாவின் எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. தப்பிப்பவர் போக வேண்டியது வடக்கே, கடல் திறந்திருப்பது தெற்கே. இந்த முரண் பல பேருடைய விதியை முடிவு செய்திருக்கிறது.

ஓடம்

டக்ளஸின் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, அது கண்களைப் பற்றிய திட்டம் என்பது. யார் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றே அவர் யோசித்தார். மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் அந்த விரிகுடாவில் எங்கும் இருந்தன. சிப்பி எடுப்பவர்கள், மீன்பிடிப்பவர்கள், சரக்கு ஏற்றுபவர்கள் என்று கறுப்பர்கள் தண்ணீரில் புழங்குவது அன்றாடக் காட்சி. அடிமைகளுக்கு ஈஸ்டர் விடுமுறை உண்டு என்பதால் ஞாயிறும் திங்களும் வேலைக்கு வரவில்லை என்றால் உடனே தேட மாட்டார்கள். அந்த விடுமுறையை பால்டிமோரில் கழிக்க அனுமதி தந்திருப்பதாக எசமான் பெயரில் சீட்டுகளையும் அவரே எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை அவர்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் கலங்குகிறது. மணிக்கு 3 மைல் என்று வைத்தாலும் 75 மைலுக்கு 25 மணி நேரம். ஓர் இரவில் முடியாது. நடுவில் ஒரு பகல் முழுதும் திறந்த நீரில் வெட்டவெளியில் இருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் வடமேற்கிலிருந்து காற்று எழுந்தால் ஆழம் குறைந்த அந்த விரிகுடாவில் குத்தலாக அலை கிளம்பும். துடுப்பை வைத்துக்கொண்டு அதை எதிர்க்க முடியாது. போய்ச் சேர்ந்தாலும் சேருமிடம் மேரிலாந்துதான். எல்லைக்கு இன்னும் நடக்க வேண்டும், அதுவும் கை சோர்ந்து, தூக்கமில்லாமல். டக்ளஸே இதையெல்லாம் யோசித்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

காற்று இந்தத் திட்டத்தைச் சோதிக்கவே இல்லை. யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிளம்ப வேண்டிய அன்று காலையிலேயே பிடித்துக் கட்டி, குதிரைகளுக்குப் பின்னால் ஈஸ்டன் நகரச் சிறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் கூட்டாளி ஹென்றி மெதுவாகக் கேட்டார்: கையில் இருக்கும் சீட்டை என்ன செய்வது? ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிடு என்றார் டக்ளஸ். சீட்டு வயிற்றுக்குள் போனது. ஆதாரம் இல்லாமல் போனது. ஓடத்தில் ஐந்து பேர் போனால் துடுப்புக்குப் பத்துக் கை கிடைக்கும். ஆனால் இரகசியம் ஐந்து வாய்களில் இருக்கும். தனியாகப் போகிறவருக்குத் தண்ணீர்வழி கடினம், கூட்டமாகப் போகிறவர்களுக்கு இரகசியம் கடினம். ஓடம் என்ற வழியின் அடிப்படைக் குறை இதுவே என்று நினைக்கிறேன்.

ஆற்றங்கரை

அதே கிழக்குக் கரையில், சற்றுத் தெற்கே டார்செஸ்டர் மாவட்டத்தில், டக்ளஸை விட நான்கைந்து வயது இளையவராக ஒரு பெண் வளர்ந்தார். அராமின்டா ராஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர். நமக்கு அவர் ஹேரியட் டப்மன். 1849 இலையுதிர் காலத்தில் தப்பினார். அதன் பிறகு ஏறத்தாழ 13 முறை திரும்பி வந்து, சுமார் 70 பேரை அழைத்துக்கொண்டு போனார். அவர் தேர்ந்தது ஓடத்தை அல்ல.

தீபகற்பத்தின் பெரிய ஆறு சாப்டாங்க். அது டெலவேர் மாநிலத்தில் பிறந்து, தென்மேற்காக ஓடி செசபீக்கில் கலக்கிறது. பக்கத்து நான்டிகோக் ஆறும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. இதன் பொருள் எளிது. நீரோட்டத்துக்கு எதிராக ஆற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், வடகிழக்கே டெலவேர் வந்துவிடும். மேகம் மூடி நட்சத்திரம் மறைந்த இரவிலும் ஆறு திசை சொல்லும்.

சொல்லும் என்பது அந்த ஆற்றோடு பழகியவருக்குத்தான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நடந்தார்கள் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. டப்மனை ஆறேழு வயதில் வேறு ஒருவரிடம் வேலைக்கு அனுப்பினார்கள். தட்டம்மை வந்திருந்தபோதும் குளிர்ந்த சதுப்பு நீரில் இடுப்பளவு இறங்கி, மஸ்க்ராட் என்ற நீரெலிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து வர வேண்டும். பெரியவளானதும் காட்டில் மரம் வெட்டும் வேலை. அவருடைய தந்தை பென் ராஸ் மரத்தைப் பார்த்ததும் தரம் சொல்லக்கூடிய கைதேர்ந்த வெட்டுமரக்காரர். அவர்கள் வெட்டிய மரம் பால்டிமோர் கப்பல் பட்டறைகளுக்குத் தண்ணீர் வழியாகவே போனது. டார்செஸ்டர் சதுப்பின் குறுக்கே மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோக 7 மைல் நீளத்துக்கு ஸ்டூவர்ட் கால்வாய் என்று ஒன்று வெட்டினார்கள். 1810இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் சேற்றில் நின்று அதைத் தோண்டியவர்கள் அடிமைகளும் சுதந்திரக் கறுப்பர்களும். மரம் ஏற்ற வரும் படகுகளில் கறுப்பு மாலுமிகள் இருந்தார்கள். பால்டிமோரில் என்ன நடக்கிறது, பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரத்தில் யார் உதவுவார்கள் என்ற செய்தி அவர்கள் வாய்வழியே காட்டுக்குள் வந்தது. சதுப்பில் எந்த மண் காலைத் தாங்கும், எது உள்ளே இழுக்கும், வற்றம் எப்போது, எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் சுற்றினால் கரை வரும் என்பதையெல்லாம் எசமானுக்காகச் செய்த வேலையே கற்றுக் கொடுத்தது.

பாப்லர் நெக் என்ற இடம், சாப்டாங்க் ஆறு வளைந்து திரும்பும் ஒரு திருப்பம். பென் ராஸ் பின்னாளில் அங்கே குடியிருந்தார். பக்கத்துப் பிரெஸ்டன் ஊரில் அடிமைமுறையை எதிர்த்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் இருந்தன. அங்கிருந்து பிலடெல்பியா சுமார் 90 மைல். டப்மன் பெரும்பாலும் குளிர்காலத்தையே தேர்ந்தார். இரவு நீளம், மக்கள் வீட்டுக்குள் அடைந்திருப்பார்கள். சனிக்கிழமை இரவு கிளம்பினால் ஓடிப்போனவரைப் பற்றிய அறிவிப்பு திங்களுக்கு முன் அச்சாகாது.

இந்த வழியின் குறைகளும் கொஞ்சமல்ல. கரையோரம் என்றால் நடைபாதை என்று நினைத்துவிடக் கூடாது. நூறு கிளை ஓடைகள் வந்து கலக்கும். ஒவ்வொன்றையும் கடக்க வேண்டும் அல்லது சுற்ற வேண்டும். குளிர்காலத்தைத் தேர்ந்ததற்கான விலை அந்தத் தண்ணீரில் இறங்கும்போதுதான் தெரியும். ஒரு மார்ச் மாதம் இரண்டு ஆண்களோடு போகும்போது, ஆபத்து இருப்பதாக உள்மனம் சொல்ல, டப்மன் சாலையை விட்டுத் திரும்பினார். எதிரே ஓதம் ஏறும் ஓர் ஓடை. பாலமும் இல்லை, படகும் இல்லை. அவர் இறங்கினார்; தண்ணீர் அக்குள் வரை வந்தது. ஆண்கள் இருவரும் கரையிலேயே நின்றார்கள். அவர் அக்கரை ஏறியதைப் பார்த்த பிறகே இறங்கினார்கள். அந்த ஈரத்துணியோடு மார்ச் இரவில் அவர்கள் மேலும் நடந்திருக்கிறார்கள்.

கைக்குழந்தை இருந்தால்? வயதானவர்கள் இருந்தால்? ஆற்றங்கரை வழி உடல்வலு உள்ளவர்களுக்கான வழி. டப்மன் குழந்தைகளையும் அழைத்துப் போனார். ஆனால் அவரைப் போல வழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான் அது நடக்கும்.

வடக்கே போகப்போக வேறொரு சிக்கல் வருகிறது. செசபீக்கையும் டெலவேர் ஆற்றையும் இணைக்க 1829இல் 14 மைல் நீளக் கால்வாய் ஒன்றைத் திறந்தார்கள். கப்பல் முதலாளிகளுக்கு அது சுருக்குவழி. நடந்து வருகிறவர்களுக்கு, தீபகற்பத்தின் கழுத்தில் குறுக்கே விழுந்த அகழி. கடக்க வேண்டுமானால் ஒரு சில பாலங்கள்தான் உண்டு. அதைத் தாண்டினால் வில்மிங்டன் நகரத்துக்கு முன்னால் கிறிஸ்டினா ஆறு. 1856இல் டப்மனும் கூட வந்தவர்களும் அங்கே வந்தபோது பாலத்தில் காவல் நின்றது. தலைக்குப் பரிசு அறிவித்திருந்தார்கள். நகரத்தில் இரும்பு வணிகம் செய்துவந்த குவேக்கர் தாமஸ் காரெட், செங்கல் கட்டும் கொத்தர்களை இரண்டு வண்டிகளில் ஏற்றி அனுப்பினார். அவர்கள் பாடிக்கொண்டும் கூச்சலிட்டுக்கொண்டும் வேலைக்குப் போகிறவர்களைப் போலப் பாலத்தைக் கடந்தார்கள். இரவில் அதே பாட்டும் கூச்சலுமாகத் திரும்பினார்கள். காவலர்கள் தடுக்கவில்லை. வண்டித் தளத்தில் டப்மனும் மற்றவர்களும் ஒட்டிப் படுத்திருந்தார்கள். தண்ணீர் 90 மைலுக்கு வழிகாட்டிவிட்டு, கடைசியில் ஒரு பாலத்தின் அகலத்தில் நின்று மறிக்கிறது. அங்கே உதவுவதற்கு ஆற்றறிவு போதாது, ஊருக்குள் ஆள் வேண்டும்.

பகிரங்கமாகப் போவது

மூன்றாவது வழி, ஒளியாமலே போவது. இரண்டு வருடம் கழித்து, 1838 செப்டம்பர் 3ஆம் தேதி டக்ளஸ் தப்பியது அப்படித்தான். பால்டிமோர் கப்பல் பட்டறையில் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு மாலுமிப் பேச்சு சரளம். சுதந்திர மாலுமி என்று காட்டும் சான்றிதழை ஒரு நண்பரிடம் வாங்கி, சிவப்புச் சட்டையும் தார் பூசிய தொப்பியும் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினார். சான்றிதழில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தாது. நடத்துநர் மேலே இருந்த கழுகுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சஸ்குவஹானா ஆற்றுக்கு அப்போது ரயில் பாலம் கிடையாது. இறங்கிப் படகில் கடந்து அக்கரையில் வேறு ரயில். அந்தப் படகில் வேலை செய்த ஒரு தெரிந்தவர், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கத் தொடங்க, டக்ளஸ் மெல்ல நழுவினார். வில்மிங்டனிலிருந்து நீராவிக் கப்பலில் பிலடெல்பியா. 24 மணி நேரத்துக்குள் நியூயார்க்.

டப்மனும் ஒருமுறை இப்படிச் செய்தார். 1856 அக்டோபரில் டில்லி என்ற பெண்ணை அழைத்துக்கொண்டு பால்டிமோரிலிருந்து நீராவிக் கப்பலில் கிளம்பினார், அதுவும் தெற்கே. செசபீக்கில் கீழே இறங்கி, நான்டிகோக் ஆற்றில் ஏறி டெலவேரில் சீஃபோர்ட் நகரம். அங்கிருந்து ரயிலில் வடக்கே. தெற்கே போகும் கப்பலில் ஓடிப்போகிறவரை யார் தேடுவார்கள்? வேகத்தில் இந்த வழியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இதற்குக் காகிதம் வேண்டும், காசு வேண்டும், பால்டிமோர் போன்ற நகரத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். வயலில் மட்டும் வேலை செய்தவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது.

கப்பலில் கூட்டமாக

குடும்பம் குடும்பமாகப் போக வேண்டுமென்றால் கப்பல்தான். 1848 ஏப்ரல் 15, சனிக்கிழமை இரவு. வாஷிங்டன் நகரத் துறையிலிருந்து 'பேர்ல்' என்ற பாய்மரக் கப்பலில் 77 பேர் ஏறினார்கள். ஆண், பெண், குழந்தை எல்லாரும். ஏற்பாடு செய்தவர் டேனியல் டிரேட்டன், கப்பல்காரர் எட்வர்ட் சேயர்ஸ். வாஷிங்டனிலிருந்து பென்சில்வேனியா எல்லை நேர்வடக்கே, நடந்தாலே சில இரவுகள்தான். ஆனால் 77 பேர் குழந்தைகளோடு நடக்க முடியாது. கப்பலோ போடோமாக் ஆறு போகிற போக்கில் போக வேண்டும்: தென்கிழக்கே சுமார் 100 மைல் இறங்கி, ஆற்றுமுகத்தில் திரும்பி, செசபீக்கில் வடக்கே இன்னொரு 100 மைலுக்கு மேல் ஏறி, கால்வாய் வழியாக டெலவேர் ஆற்றுக்கும் நியூ ஜெர்சிக்கும். மொத்தம் சுமார் 225 மைல். விடுதலைக்காக முதலில் தெற்கே, அடிமைநாட்டின் உள்ளே போக வேண்டியிருந்தது.

கிளம்பிய இரவே காற்று விழுந்தது. ஓதம் எதிராக ஏறியது. கொஞ்ச தூரத்திலேயே நங்கூரம் போட்டு விடியும்வரை காத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் 77 பேர் மூச்சடக்கி அமர்ந்திருந்த அந்த மணிநேரங்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஞாயிறு நல்ல காற்று கிடைத்து மாலைக்குள் ஆற்றுமுகத்தை அடைந்தார்கள். திரும்பி வடக்கே ஏற வேண்டும். அங்கே வடக்குக் காற்று முகத்தில் அடித்தது. பாய்மரத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கரையோரம் கார்ன்ஃபீல்டு துறையில் ஒதுங்கினார்கள். வாஷிங்டனில் விஷயம் தெரிந்து, ஆயுதம் தாங்கியவர்கள் 'சேலம்' என்ற நீராவிக் கப்பலில் துரத்தி வந்தார்கள். நீராவிக்குக் காற்றின் தயவு தேவையில்லை. திங்கள் விடியுமுன் பிடித்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களைத் தெற்கத்தி வியாபாரிகளுக்கு விற்றார்கள். பிடிபட்டவர்களில் மேரி, எமிலி எட்மன்சன் என்ற சகோதரிகளை வடக்கே பணம் திரட்டி மீட்டது வேறு கதை.

பேர்ல் தோற்றதற்குக் காட்டிக்கொடுத்தவரைத்தான் வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். அந்த ஆற்றின் வடிவமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு காற்று வேண்டும்: இறங்க ஒன்று, ஏற நேரெதிர் ஒன்று. ஒரே வாரக்கடைசிக்குள் இரண்டும் சரியாக அமைவதை நம்பித் தொடங்கிய பயணம் அது.

இதையே செசபீக்கின் வாயில் இருக்கும் நார்ஃபோக் துறைமுகத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே கப்பல் கிளம்பினால் எதிரே கடல். விரிகுடாவில் ஏற வேண்டியதில்லை. வெளியே வந்து கரையோரமாக வடக்கே திரும்பினால் டெலவேர் விரிகுடா, பிலடெல்பியா. வரைபடத்தில் மேரிலாந்துக்காரரை விட நார்ஃபோக்காரர் விடுதலையிலிருந்து வெகுதூரம். கப்பல் கணக்கில் அவருக்கு வழி எளிது. பிலடெல்பியாவில் தப்பி வந்தவர்களை வரவேற்று ஒவ்வொருவரின் கதையையும் பதிவு செய்த வில்லியம் ஸ்டில், ஃபவுன்டன் என்ற கப்பல் தலைவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1855 நவம்பரில் கோதுமைச் சரக்குக்குக் கீழே 21 பேரை ஒளித்து நார்ஃபோக்கிலிருந்து கொண்டு வந்தவர் அவர். நகர மேயரே கோடரிகளோடு சோதனைக்கு வந்தபோது, ஃபவுன்டன் தானே கோடரியை வாங்கிப் பலகையை ஓங்கி வெட்டி, இன்னும் எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்டாராம்.

இந்த வழி நன்றாக வேலை செய்ததற்குச் சட்டமே சாட்சி. 1856இல் வர்ஜீனியா, வடக்கே போகும் கப்பல்களைச் சோதிக்க வேண்டும் என்று தனிச்சட்டம் போட்டது. தெற்கே வட கரோலினாவின் வில்மிங்டனில் (டெலவேரின் வில்மிங்டன் வேறு) கப்பலுக்குள் புகை போடும் பயமும் இருந்தது. ஒளிந்திருப்பவர் இருமிக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பதற்காக. 1857இல் ஏப்ரகாம் காலோவே அங்கிருந்து கிளம்பியபோது புகைக்கு அஞ்சி எண்ணெய்ப்பட்டில் போர்வை செய்து எடுத்துக்கொண்டார். புகை போடவில்லை. ஆனால் சுற்றிலும் டர்பென்டைன் பீப்பாய்கள். அதன் ஆவியில் பிலடெல்பியா சேர்வதற்குள் தோலில் இரத்தம் கசிந்துவிட்டது. கப்பல்வழியில் கால் நோகாது. அதற்குப் பதில், மற்றவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு இருட்டில் காத்திருக்க வேண்டும். ஈடன்டன் ஊரைச் சேர்ந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் அப்படி ஒரு கப்பல் கிடைப்பதற்கு முன் பாட்டியின் வீட்டுக் கூரையிடுக்கில், நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில், கிட்டத்தட்ட ஏழு வருடம் கிடந்தார்.

போகாமலே தப்புவது

வடக்கே போவதுதான் ஒரே வழியா? நார்ஃபோக்குக்குத் தெற்கே, வர்ஜீனியா வட கரோலினா எல்லையில் 'டிஸ்மல்' என்ற மாபெரும் சதுப்புக்காடு. மட்கிய தழை மண், மரச்சாறு கலந்து தேநீர் நிறத்தில் நீர், குதிரை இறங்கினால் புதையும். வேட்டைநாய்க்கு மோப்பம் தண்ணீரில் அறுந்துபோகும். சதுப்புக்குள் கொஞ்சம் உயர்ந்த திட்டுகள் இருந்தன. அங்கே தலைமுறைகளாகத் தப்பி வந்தவர்கள் குடியிருந்தார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள். இந்த நூற்றாண்டில் டேனியல் சேயர்ஸ் என்ற தொல்லியலாளர் குழுவோடு அந்தத் திட்டுகளில் தோண்டி, அவர்கள் வாழ்ந்த தடயங்களை எடுத்திருக்கிறார்.

இங்கேயும் வேலை வந்து நுழைகிறது. 1793இல் தொடங்கி 1805இல் திறந்த டிஸ்மல் கால்வாயை வெட்டியவர்கள் அடிமைகள். பின்னர் கூரை வேயும் மரச்சில்லு வெட்ட அடிமைகளைச் சதுப்புக்குள் அனுப்பினார்கள். ஒரு கணக்குக்குச் சில்லு கொடுத்தால் போதும், மேற்பார்வை குறைவு. உள்ளே மறைந்து வாழ்ந்தவர்கள் அவர்களுக்காகச் சில்லு வெட்டிக் கொடுத்து, பதிலுக்கு உணவும் துணியும் வாங்கிக்கொண்டார்கள். தாயையோ மனைவியையோ விட்டு 300 மைல் போக மனம் வராதவருக்கு இது பொருந்தியது. இரவில் பண்ணைக்கு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் கொசு, காய்ச்சல், ஈரம், பாம்பு. சதுப்பு சுருங்கச் சுருங்க ஒளிவிடமும் சுருங்கியது. பாதுகாப்பு இருந்தது, சட்டப்படி அவர் இன்னும் இன்னொருவரின் உடைமைதான்.

மேற்கே கென்டக்கியில் இருந்தவர்களுக்கு இவ்வளவு தெரிவுகள் இல்லை, அல்லது ஒன்றே ஒன்று பளிச்சென்று இருந்தது: ஒஹாயோ ஆறு. அதன் தென்கரை அடிமைநாடு, வடகரை சுதந்திரம். கடக்க வேண்டியது ஆற்றின் அகலம் மட்டும். பைபிளில் வரும் யோர்தான் என்று அதை அழைத்தார்கள். அணைகள் வராத காலத்தில் கோடை வறட்சியில் சில இடங்களில் நடந்தே கடக்குமளவு வற்றும், கடுங்குளிரில் உறையும். ரிப்ளி ஊரில் ஜான் ராங்கின் பாதிரியாரின் வீடு குன்றின் மேல் இருந்தது. சன்னல் விளக்கு அக்கரையிலிருந்தே தெரியும். அதே ஊரில், தன் விலையைத் தானே கொடுத்து விடுதலை பெற்ற வார்ப்புப் பட்டறைக்காரர் ஜான் பார்க்கர், இரவில் படகு எடுத்துக் கென்டக்கிக்குள் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். ஆனால் 1850இன் சட்டம் வந்தபின், ஓடிவந்தவரை வடக்கு மாநிலங்களிலும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றானது. ஆற்றங்கரை இனி எல்லை இல்லை. ஈரி ஏரியும் டெட்ராய்ட் ஆறும் தாண்டிக் கனடா போனால்தான் முடிவு. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் உறைந்த ஒஹாயோவை நடந்து கடந்து சின்சினாட்டி வந்தார். சில மணி நேரத்தில் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்ப அடிமைத்தனத்துக்குப் போகக் கூடாது என்று தன் சின்ன மகளைத் தன் கையாலேயே கொன்றார். அந்த ஆறு அன்று உறைந்து வழிவிட்டதில் அவருக்குக் கிடைத்தது ஒரு காலைப் பொழுது.

என் முடிவு

டார்செஸ்டரில் 1850களில், இருபது முப்பது வயதில், கால்வலுவோடு இருக்கும் ஒருவருக்கு வழி சொல்ல வேண்டியிருந்தால், சாப்டாங்க் கரையைப் பிடித்து நவம்பருக்கு மேல் ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பச் சொல்வேன். விரிகுடாவில் ஓடம் வேண்டாம் என்பேன், துடுப்புப் போடத் தெரிந்திருந்தாலும். ஆற்றோரத்தில் ஆபத்து வந்தால் ஒதுங்க ஒரு புதர் உண்டு. நடு விரிகுடாவில் விடிந்துவிட்டால் ஒதுங்க இடமில்லை. நார்ஃபோக் துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒருவரிடம் நடக்கச் சொல்ல மாட்டேன். நம்பத் தகுந்த கப்பல்காரர் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்வேன். வாஷிங்டனில் குழந்தைகளோடு இருக்கும் தாய்க்கு என்ன சொல்வது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. பேர்லில் ஏறியவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1854 கிறிஸ்துமஸ் அன்று டப்மனின் மூன்று அண்ணன் தம்பிகள் மறுநாள் விற்பனைக்கு நிற்க வேண்டியவர்கள். அவர்கள் பாப்லர் நெக்கில் தந்தையின் குடிசைக்குப் பக்கத்துத் தீவனக் கொட்டகையில் ஒளிந்தார்கள். பென் ராஸ் உணவு கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகளைப் பார்த்தீர்களா என்று நாளை யாராவது கேட்டால் பார்க்கவில்லை என்று பொய்யில்லாமல் சொல்வதற்காக, தன் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டார். இரவு அவர்கள் கிளம்பியபோது பிள்ளைகள் இருபுறமும் கைபிடிக்க, கண்கட்டோடு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். அந்தக் காட்டுக்கும் ஆற்றுக்கும் அவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

மூன்று வருடத்தில் அவர் முறை வந்தது. ஓடிப்போனவர்களுக்கு இடம் கொடுத்ததாக அவரைக் கைது செய்யப் பார்த்தார்கள். 1857இல் டப்மன் பெற்றோரை அழைத்துப் போக வந்தார். இருவருக்கும் எழுபதுக்கு மேல் வயது. ஆற்றங்கரையில் 90 மைல் நடப்பது, ஓடைகளில் இறங்குவது, எதுவும் இனி ஆகாது. டப்மன் ஒரு கிழட்டுக் குதிரையைப் பிடித்து, வைக்கோலைத் திரித்துக் கழுத்துப்பட்டை கட்டினார். பழைய வண்டி ஒன்றின் இரண்டு சக்கரங்கள், அச்சின் மேல் உட்கார ஒரு பலகை, கால் வைக்க அச்சிலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட இன்னொரு பலகை. அதில் இருவரையும் உட்கார வைத்து, இரவோடு இரவாக ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.